தோல் சொல்லும் சாட்சி

ஆம்பூர், வாணியம்பாடி, பேர்ணாம்பட்டு, மேல்விஷாரம் ஆகியவை பல தலைமுறைகளாகத் தோலோடு வாழ்ந்துவரும் ஊர்கள். இங்குள்ள தோல் ஷாப்பு ஒன்றில், தரம் பிரிக்கும் மேசையருகே சிறிது நேரம் நின்று பார்த்தவர்கள் ஒரு வியப்பை அறிவார்கள். மயிர் நீங்கி, சதை நீங்கி, சுண்ணாம்பையும் குரோமையும் கண்டு வந்த ஒரு தோலை வெளிச்சத்தில் விரித்து, உள்ளங்கையால் ஒருமுறை நீவிப் பார்த்து, அந்தக் கால்நடையின் வரலாற்றையே தரம் பிரிப்பவர் சொல்லிவிடுவார். இது முள் கீறிய தடம். இது உண்ணி கடித்த புள்ளி. இது உயிரோடிருக்கையில் வைத்த சூடு, ஆறித் தழும்பாகியிருக்கிறது. இது இறந்தபின் உரிக்கும்போது கத்தி பட்ட வெட்டு, ஆறவேயில்லை. நம் கண்ணுக்கு எல்லாம் ஒன்றுபோல் தோன்றும். அவர் கண்ணுக்கு ஒவ்வொன்றும் தனித்தனிச் செய்தி.

ஆயினும் அவரிடம் இன்னொரு கேள்வியைக் கேட்டுப் பாருங்கள். அந்தச் சூட்டை வைத்த கை யாருடையது? அந்தக் கத்தியைப் பிடித்திருந்தவர் யார்? தோல் அதைச் சொல்லாது என்பார் அவர். என்ன நடந்தது என்பதைத் தோல் காட்டும். யார் செய்தார், என்ன எண்ணத்தோடு செய்தார் என்பதைத் தோலிடமிருந்து பெற முடியாது. அதற்கு மனிதர்களை விசாரிக்க வேண்டும்.

தொழிற்கூடத்தில் எவரும் மறுக்காத இந்த எளிய உண்மை, நீதிமன்றத்தின் படியேறும்போது மட்டும் நமக்கு மறந்துபோகிறது. இன்று குற்றவியல் வழக்குகள் பலவற்றில் முதற்சாட்சியாக வந்து நிற்பது மனிதரல்லர். கைப்பேசியும் கணினியும் கண்காணிப்புக் கேமராவும் விட்டுச்செல்லும் மின்னணுத் தடயங்களே. ‘இயந்திரம் பொய் சொல்லாது’ என்று நாம் எளிதாகக் கூறிவிடுகிறோம். அந்த நம்பிக்கை எவ்வளவு தூரம் செல்லும், எந்த இடத்தில் அது அநீதியாகிவிடும் என்பதே இக்கட்டுரை எழுப்பும் கேள்வி.

முதலில் இத்தடயங்கள் பிறக்கும் விதத்தைப் பார்ப்போம். ஒருவர் கைப்பேசியைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு கடைத்தெருவைக் கடந்து செல்கிறார். அவர் யாருடனேனும் பேசினால், அந்த அழைப்பு எந்தக் கோபுரத்தின் வழியாகச் சென்றது, எந்நேரம் தொடங்கி எந்நேரம் முடிந்தது என்பன தொலைபேசி நிறுவனத்தின் பதிவேட்டில் ஏறிவிடுகின்றன. அவர் எதையும் எழுதவில்லை. எவருக்கும் வாக்குமூலம் தரவில்லை. நிறுவனமும் குற்றத்தைக் கண்டுபிடிக்கவேண்டி அதனைக் குறித்து வைக்கவில்லை. கட்டணம் கணக்கிடவும் தன் வலையமைப்பை நடத்தவும் குறித்தது. வேறொரு காரியத்துக்காகப் பிறந்த இக்குறிப்பு, பின்னொரு நாள் ஒரு மனிதரின் விடுதலையையே தீர்மானிக்கும் சாட்சியாக உருமாறுகிறது.

இந்தச் சாட்சிக்கு எத்தனை குறைபாடுகள்! கைப்பேசி எப்பொழுதும் மிக அருகிலுள்ள கோபுரத்தையே பற்றும் என்பதில்லை. நல்ல அலை எங்கிருந்து கிடைக்கிறதோ அதனைப் பற்றும். ஒரு கோபுரத்தின் எல்லை நகரத்தில் சில தெருக்களாகவும், ஊர்ப்புறத்தில் பல கிலோமீட்டராகவும் விரிந்திருக்கும். இணைய முகவரியோ, ஒரே நேரத்தில் பல சந்தாதாரர்களுக்குப் பங்கிடப்படுவதும் உண்டு. கடைவாசலில் தொங்கும் கேமராவின் கடிகாரம் பத்து நிமிடம் முந்தியோ பிந்தியோ ஓடிக்கொண்டிருக்கும். திருத்துவார் இருக்கமாட்டார். இவற்றையெல்லாம் அறிந்து பயன்படுத்துபவர் கையில் இத்தடயங்கள் நல்ல கருவிகள். அறியாதவர் கையில் இவை ஆபத்து.

மண்ணில் பதிந்த காலடிக்கும் இதற்கும் உள்ள வேறுபாட்டையும் கருத வேண்டும். காலடியை அழித்தால் அழித்த அடையாளம் மண்ணில் எஞ்சும். கடிதத்தைத் திருத்தினால் மை காட்டிக்கொடுக்கும். மின்னணுப் பதிவு அப்படியன்று. அதன் நகலுக்கும் மூலத்துக்கும் எழுத்தளவும் வேற்றுமை இராது. திறமையுடையவன் திருத்தினால், பார்த்த மாத்திரத்தில் தெரியக்கூடிய வடு எதுவும் இராது. கோப்பு ஒன்றைத் திறந்து பார்ப்பதே அதன்மேல் உள்ள நேரக் குறிப்புகளை மாற்றிவிடக்கூடும். உறுதியானது என்று நாம் நம்பும் இச்சான்றே, உண்மையில் மிக மென்மையானது.

நம் மாநிலத்தில் நடந்த ஒரு வழக்கை எடுத்துக்கொள்வோம். 2004ஆம் ஆண்டு, மணவிலக்குப் பெற்ற ஒரு பெண்ணைப் பற்றி இழிவான செய்திகள் யாஹூ குழு ஒன்றில் வெளியிடப்பட்டன. அவர் பெயரிலேயே பொய்யான மின்னஞ்சல் கணக்கும் தொடங்கப்பட்டிருந்தது. அறிமுகமில்லாதவர்களின் அழைப்புகளால் அவர் வாழ்வு நரகமாயிற்று. சென்னை சைபர் குற்றப் பிரிவு விசாரித்தது. அதே ஆண்டு நவம்பர் 5ஆம் நாள் எழும்பூர் நீதிமன்றம் குற்றவாளிக்குத் தண்டனை வழங்கியது. 2000ஆம் ஆண்டின் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின்கீழ் நாட்டில் கிடைத்த முதல் தண்டனைகளில் ஒன்றாக இது போற்றப்படுகிறது.

இச்செய்திகளை வேறு யாரேனும் அனுப்பியிருக்கலாம் என்பது எதிர்த்தரப்பின் வாதம். அதைக் கணினித் தடயம் ஒன்றே முறியடித்துவிடவில்லை. தடயம் பிரவுசிங் சென்டர் வரை வழிகாட்டியது. அங்கிருந்த கணினியிலிருந்து ஒரு மனிதரின் விரல்வரை உள்ள சிறிய தூரத்தைக் கடக்க, அக்கடைகளை நடத்தியவர்கள் சாட்சிக் கூண்டில் ஏறி நிற்க வேண்டியிருந்தது. நிபுணர்கள் வந்து விளக்க வேண்டியிருந்தது. இயந்திரத்திலிருந்து மனிதருக்கு வரும் அந்தக் கடைசி அடியை இயந்திரம் தானே எடுத்து வைப்பதில்லை.

அந்தக் கடைசி அடி நம் பகுதியில் எவ்வளவு கடினமானது என்பதை நாம் எல்லோரும் அறிவோம். சிம் தந்தையின் பெயரில் இருக்கும். கைப்பேசி தாயிடம் இருக்கும். பள்ளியிலிருந்து வந்த மகன் அதில் விளையாடுவான். மாலையில் ஷூ கம்பெனியிலிருந்து திரும்பும் மகள் அதிலேயே தோழியுடன் பேசுவாள். வெளியூரிலிருந்து வேலைக்கு வந்து ஓர் அறையில் தங்கியிருக்கும் தொழிலாளர் ஆறு பேர் ஒரே இணைப்பைப் பகிர்ந்துகொள்வர். ‘இந்த எண்ணிலிருந்து அனுப்பப்பட்டது’ என்ற வாக்கியத்துக்கும் ‘இவர் அனுப்பினார்’ என்ற வாக்கியத்துக்கும் நடுவே ஒரு குடும்பமே நிற்கிறது.

சட்டம் இதனை உணராமல் இல்லை. ஜேம்ஸ் ஃபிட்ஸ்ஜேம்ஸ் ஸ்டீபன் வரைந்த 1872ஆம் ஆண்டின் இந்தியச் சாட்சியச் சட்டத்தில், 2000ஆம் ஆண்டு 65பி என்னும் பிரிவு சேர்க்கப்பட்டது. கணினி வழக்கமான பணியில் இருந்தது, அது ஒழுங்காக இயங்கியது, இந்த நகல் அதிலிருந்தே எடுக்கப்பட்டது என்று பொறுப்பிலுள்ள ஒருவர் கையெழுத்திட்டுச் சான்றிதழ் தர வேண்டும் என்பது அப்பிரிவின் சாரம். 2005இல், நாடாளுமன்றத் தாக்குதல் வழக்கில், அத்தகைய சான்றிதழ் இல்லாமலும் அழைப்புப் பதிவுகளை வேறு வகையில் மெய்ப்பிக்கலாம் என்றது உச்ச நீதிமன்றம். 2014இல், கேரளத் தேர்தல் வழக்கான அன்வர் எதிர் பஷீர் வழக்கில், அந்நிலையை மாற்றிச் சான்றிதழ் கட்டாயம் என்று தீர்ப்பளித்தது. 2020 ஜூலையில் அர்ஜுன் பண்டித்ராவ் கோட்கர் வழக்கில் மூன்று நீதிபதிகள் இதனை உறுதி செய்தனர். மூலக் கருவியையே உரியவர் நீதிமன்றத்துக்குக் கொண்டுவந்து மெய்ப்பித்தால் சான்றிதழ் வேண்டியதில்லை. சான்றிதழ் தர வேண்டியவர் தர மறுத்தால், நீதிமன்றத்தை அணுகி அவருக்கு ஆணையிடச் செய்யலாம் என்றும் அவர்கள் தெளிவுபடுத்தினர். 2024 ஜூலை முதல் நாள் நடைமுறைக்கு வந்த பாரதிய சாக்ஷிய அதிநியம் தன் 63ஆம் பிரிவில் இன்னும் ஒரு படி சென்றது. சான்றைக் கொடுப்பவர் ஒரு பகுதியிலும், நிபுணர் மற்றொரு பகுதியிலும் கையெழுத்திட வேண்டும். கோப்பின் ‘ஹேஷ்’ எண்ணையும் அதில் குறிக்க வேண்டும்.

ஹேஷ் என்பது என்ன? கோப்பின் உள்ளடக்கம் முழுவதையும் ஒரு கணக்கு முறையில் செலுத்திப் பெறும் குறுகிய அடையாள எண். கோப்பில் ஒரு புள்ளி மாறினாலும் அந்த எண் முற்றிலும் வேறாகிவிடும். சிலப்பதிகாரத்தை அறிந்த தமிழருக்கு இதனை விளக்குவது எளிது. கோவலன் கையிலிருந்த சிலம்பு அரசியின் சிலம்பைப் போலவே புறத்தில் இருந்தது. அந்த ஒப்புமையை நம்பியே ஓர் உயிர் பறிக்கப்பட்டது. உடைத்துப் பார்த்தபோதுதான் ஒன்றின் பரல் மாணிக்கம், மற்றொன்றின் பரல் முத்து என்பது வெளிப்பட்டது. ஹேஷ் எண் என்பது சிலம்பை உடைக்காமலே பரலை அறியும் வழி. ஆனால் கொலைக்கு முன்னரே அதைக் கேட்கும் மனம் நீதிபதிக்கு வேண்டும்.

பாலாற்றுப் பகுதி மக்களுக்கு இம்முறை புதியதன்று. தோல் ஷாப்புகளிலிருந்து வெளியேறும் கழிவுநீரைப் பரிசோதிப்பதற்கு, 1974ஆம் ஆண்டின் நீர் மாசு தடுப்புச் சட்டம் தன் 21ஆம் பிரிவில் ஒரு முறையை வகுத்திருக்கிறது. அதிகாரி முன்னறிவிப்புத் தர வேண்டும். எடுத்த நீரை, தொழிற்சாலைக்குரியவரின் முன்னிலையில் இரண்டாகப் பிரிக்க வேண்டும். ஒவ்வொரு பகுதியையும் முத்திரையிட்டு இருவரும் கையெழுத்திட வேண்டும். உரியவர் கோரினால் இரண்டாம் பகுதி தனியே ஓர் ஆய்வகத்துக்குச் செல்லும். அம்முறையைப் பின்பற்றாமல் எடுத்த நீரின் ஆய்வு முடிவு நீதிமன்றத்தில் சான்றாகாது. ஒரு குப்பி நீருக்கு இவ்வளவு காவல் வைத்த நாம், ஒரு மனிதரின் பத்தாண்டு வாழ்க்கை முழுவதும் அடங்கிய கைப்பேசியைக் கைப்பற்றும்போது அதைவிடக் குறைந்த காவலோடு அமைதியடையலாமா? அந்த இடத்திலேயே உரியவர் முன்னிலையில் ஹேஷ் எண் எடுக்கப்பட்டு, அதன் ஒரு படி அவர் கையில் தரப்பட்டதா என்பது, ஒவ்வொரு வழக்கிலும் முதலில் கேட்கப்பட வேண்டிய கேள்வி.

இந்தக் கேள்விக்குப் பின்னாலுள்ள தத்துவத்தை, முஸ்லிம் வாசகர்கள் வேறொரு துறையில் நன்கு அறிவார்கள். ஹதீஸ் கலை வல்லார் ஒரு செய்தியைக் கேட்டவுடன் முதலில் வினவியது, ‘இதனை உமக்குச் சொன்னவர் யார்? அவருக்குச் சொன்னவர் யார்?’ என்பதே. அறிவிப்பாளர் வரிசையாகிய ஸனதில் ஒரு கண்ணி அறுந்திருந்தாலும், ஒருவருடைய நினைவாற்றலோ நேர்மையோ ஐயத்துக்குரியதாயினும், செய்தி எவ்வளவு அழகாயிருந்தாலும் அதன் தரம் தாழ்த்தப்பட்டது. இதற்கெனவே பல்லாயிரம் அறிவிப்பாளர்களின் வாழ்க்கையைத் திரட்டி ஆராயும் தனிக்கலை ஒன்று வளர்ந்தது. இன்று நீதிமன்றங்கள் ‘காவற் சங்கிலி’ என்று பேசுவது இதனையே. கைப்பேசியைக் கைப்பற்றியவர் யார்? எங்கே பூட்டி வைத்தார்? ஆய்வகத்துக்கு எடுத்துச் சென்றவர் யார்? திறந்தவர் யார்? ஒவ்வொரு கண்ணியிலும் ஒரு மனிதர் பொறுப்பேற்று நிற்க வேண்டும்.

அக்கலை இன்னொன்றையும் கற்பித்தது. ஸனத் சரியாயிருப்பதாலேயே மத்ன், அதாவது செய்தியின் உடல், உண்மையாகிவிடாது. அதனைத் தனியே உரைத்துப் பார்க்க வேண்டும். சான்றிதழும் அவ்வாறே. இந்தப் படம் இந்தக் கருவியிலிருந்து மாற்றமின்றி எடுக்கப்பட்டது என்பதோடு அதன் வேலை முடிந்துவிடுகிறது. படத்தில் உள்ளது உண்மையா, அந்தச் செய்தியை எழுதியவர் யார், விளையாட்டாக எழுதினாரா வேண்டுமென்றே எழுதினாரா என்பவற்றைச் சான்றிதழ் அறியாது. சான்றிதழ் இருக்கிறது, ஆகவே குற்றம் மெய்ப்பிக்கப்பட்டது என்று தாவுவது, ஸனதைப் பார்த்துவிட்டு மத்னைப் படிக்காமல் விடுவதைப் போன்றது.

அவ்வாறு தாவியதன் விளைவை இங்கிலாந்து கண்டது. அந்நாட்டில் 1984ஆம் ஆண்டின் சட்டம் ஒன்று, கணினிச் சான்றைக் கொண்டுவருபவர் அக்கணினி ஒழுங்காக இயங்கியதை மெய்ப்பிக்க வேண்டும் என்றது. இது வீண் சுமை என்று கருதி 1999இல் இயற்றிய சட்டத்தால் அப்பிரிவை நீக்கினர். அதன்பின், மறுப்புக்கு ஆதாரம் இல்லாதவரை கணினி சரியாகவே இயங்கியதாகக் கொள்ளப்பட்டது. அதே காலத்தில் அந்நாட்டு அஞ்சலகங்களில் ‘ஹொரைசன்’ என்ற கணக்குக் கணினி முறை புகுந்தது. கணினி காட்டிய தொகைக்கும் பெட்டியில் இருந்த தொகைக்கும் வேறுபாடு வந்தபோது, திருடர் என்று குற்றஞ்சாட்டப்பட்டவர்கள் சிற்றூர்களின் அஞ்சலகப் பொறுப்பாளர்கள். 1999 முதல் 2015 வரை தொள்ளாயிரத்துக்கும் மேற்பட்டோர் தண்டிக்கப்பட்டனர். சிறை சென்றவர் உண்டு. வீட்டை இழந்தவர் உண்டு. உயிரை மாய்த்துக்கொண்டவரும் உண்டு. பிழை கணினியில்தான் இருந்தது என்பதை 2019 டிசம்பரில் உயர் நீதிமன்றம் ஏற்றது. 2021இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் ஒரே நாளில் 39 பேரின் தண்டனையை நீக்கியது. எஞ்சியோருக்காக 2024இல் நாடாளுமன்றம் தனிச்சட்டமே இயற்ற வேண்டியதாயிற்று. தம் கணக்கு சரி என்று அவர்கள் சொன்னபோது, கணினியைக் குறுக்கு விசாரணை செய்ய அவர்களுக்கு வழி இருக்கவில்லை. வாயுள்ள மனிதரை நம்பாமல் வாயற்ற பெட்டியை நம்பியதற்கு ஒரு நாடு கொடுத்த விலை இது.

பிழை ஒரு புறமிருக்க, சூழ்ச்சி என்ற ஒன்றும் உண்டு. திருக்குர்ஆனின் யூசுப் அத்தியாயம் இதற்கு வழிகாட்டுகிறது. அதில் யூசுப் (அலை) அவர்களின் சட்டை சான்றுப் பொருளாக இருமுறை வருகிறது. முதன்முறை, சகோதரர்கள் அதில் பொய்க் குருதியைத் தோய்த்துத் தந்தையிடம் கொண்டுவந்து, ஓநாய் தின்றுவிட்டது என்கின்றனர். குருதி கண்முன் இருக்கிறது. ஆயினும் யஃகூப் (அலை) நம்பவில்லை. மகனைத் தின்ற ஓநாய் சட்டையைக் கிழிக்காமல் விட்டதே என்று அவர் எண்ணியதாக விரிவுரையாளர்கள் கூறுவர். இரண்டாம் முறை, எஜமானரின் மனைவி யூசுப் மேல் பழி சுமத்தும்போது, அவள் குடும்பத்தைச் சேர்ந்த ஒருவரே சொல்கிறார்: சட்டை முன்புறம் கிழிந்திருந்தால் அவள் சொல்வது உண்மை; பின்புறம் கிழிந்திருந்தால் அவர் சொல்வது உண்மை. சட்டை ஓரிடத்தில் பொய்யைச் சுமந்தது. மற்றோரிடத்தில் நிரபராதியைக் காத்தது. சான்றைக் கண்டவுடன் நம்பாமல், அது எந்நிலையில் இருந்தால் எது பொருந்தும் என்று முன்கூட்டியே விதி வகுத்துக்கொண்டு பார்த்ததே இரண்டாம் இடத்தில் நீதியைக் கொணர்ந்தது.

பொய்க் குருதி பற்றிய ஐயம் நம் காலத்து வழக்கு ஒன்றிலும் எழுந்திருக்கிறது. திருச்சிராப்பள்ளி மாவட்டத்தில் பிறந்து, ஜார்க்கண்டின் பழங்குடி மக்களிடையே பணியாற்றிய இயேசு சபைத் துறவி ஸ்டான் சுவாமி, பீமா கோரேகான் வழக்கில் 2020 அக்டோபரில் கைது செய்யப்பட்டார். அவருடைய கணினியில் கிடைத்ததாகக் கூறப்பட்ட கோப்புகள் சான்றுகளுள் இடம்பெற்றன. பிணை கிடைக்காமல், விசாரணையும் தொடங்காமல், 2021 ஜூலை 5ஆம் நாள் தம் 84ஆம் வயதில் அவர் காலமானார். எதிர்த்தரப்பின் வேண்டுகோளின்பேரில் ஆராய்ந்த அமெரிக்காவின் ஆர்செனல் கன்சல்டிங் நிறுவனம், அக்கோப்புகள் வெளியிலிருந்து ஊடுருவி வைக்கப்பட்டவை என்று 2022 டிசம்பரில் அறிக்கை தந்தது. விசாரணை முகமை இந்நிறுவனத்தின் முடிவுகளை ஏற்கவில்லை. எது உண்மை என்பதை நீதிமன்றமே கூற வேண்டும். ஆனால் சட்டையைப் புரட்டிப் பார்ப்பதற்கு முன்பே அதற்குரியவர் இவ்வுலகை விட்டுப் போய்விட்டார். சான்றைச் சோதிப்பதில் நேரும் தாமதம்கூட ஒரு தண்டனையாகிவிடும் என்பதற்கு இதனினும் வேறு எடுத்துக்காட்டு வேண்டியதில்லை.

தடயம் யார் கையில் இருக்கிறது என்பதும் அறம் சார்ந்த கேள்வியே. 2020 ஜூனில் சாத்தான்குளம் காவல் நிலையத்துக்கு அழைத்துச் செல்லப்பட்ட தந்தையும் மகனும் சில நாட்களில் அடுத்தடுத்து இறந்தனர். உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை அனுப்பிய நீதித்துறை நடுவர் நிலையத்தைப் பார்வையிட்டபோது, அங்கே கேமராக்கள் இருந்தன. பதிவைச் சேமிக்கப் போதிய கொள்ளளவும் இருந்தது. ஆனால் நாள்தோறும் பதிவு தானே அழிந்துவிடும்படி அமைக்கப்பட்டிருந்தது. காவலர் பக்கம் சொல்லப்பட்ட கதையோடு பொருந்தாத காட்சி, அருகிலிருந்த கடையின் கேமராவில் கிடைத்தது. உள்ளே நடந்ததைச் சொல்ல முன்வந்தவரோ, அதே நிலையத்தில் பணியாற்றிய ஒரு பெண் தலைமைக் காவலர். கருவி மௌனமாக்கப்பட்ட இடத்தில் ஒரு மனித மனச்சாட்சி பேசிற்று. அவ்வாண்டு டிசம்பரில் உச்ச நீதிமன்றம், நாட்டின் எல்லாக் காவல் நிலையங்களிலும் ஒலியோடு கூடிய கேமரா வைத்துப் பதிவைப் பல மாதங்கள் காக்க வேண்டும் என்று ஆணையிட்டது. எளியவரின் தடயம் என்றும் அழியாமல் தேங்கிக் கிடப்பதும், அதிகாரத்தின் தடயம் ஒரே நாளில் மறைவதும் ஒரே நாட்டில் நிகழ்ந்தால், அங்கே சான்று என்ற சொல்லுக்கே பொருள் குறைந்துவிடுகிறது.

நம் ஆம்பூரும் இத்தகைய வேதனையை அறிந்த ஊர்தான். 2015 ஜூனில், காணாமற்போன ஒரு பெண்ணைப் பற்றிய விசாரணைக்கு அழைத்துச் செல்லப்பட்ட ஆம்பூர் இளைஞர் ஒருவர், சில நாட்களுக்குப்பின் மருத்துவமனையில் இறந்தார். காவலில் அடித்துத் துன்புறுத்தினர் என்பது குடும்பத்தாரின் குற்றச்சாட்டு. ஜூன் 27ஆம் நாள் ஊர் கலவரத்தில் வெந்தது. காவலர் பலர் காயமுற்றனர். வாகனங்களும் கடைகளும் சேதமுற்றன. காணாமற்போன பெண் பின்னர் உயிரோடு கண்டுபிடிக்கப்பட்டார். கலவர வழக்கோ பத்தாண்டு நடந்தது. 2025 ஆகஸ்டில் திருப்பத்தூர் நீதிமன்றம் 22 பேருக்குத் தண்டனை வழங்கியது. நூற்றைம்பதுக்கும் மேற்பட்டோரை விடுவித்தது.

அவ்வழக்கின் சான்றுகளை இங்கே ஆராய்வது என் நோக்கமன்று. அது எழுப்பும் இரண்டு சிந்தனைகளை மட்டும் சொல்கிறேன். ஒன்று, மனித உடலை அடித்து உண்மையை வரவழைக்கும் பழக்கத்துக்கு மாற்றாகவே அறிவியற் சான்றுகளை உலகம் வரவேற்றது. பொருளை விசாரி, உடலைத் தொடாதே என்பதே அதன் அறம். அந்த வகையில் மின்னணுத் தடயம் நமக்கு நண்பன். அதனைப் பழிப்பது என் கருத்தாக ஒருபோதும் இல்லை. எழும்பூர் வழக்கில் ஒரு பெண்ணின் மானத்தைக் காத்ததும் அதுவே. மற்றொன்று, ஊரே தெருவில் திரண்ட ஓர் இரவில், ஊர்க்காரன் ஒருவனின் கைப்பேசி ஊர்க்கோபுரத்தில் பதிந்திருந்தால், அது எதனைக் காட்டும்? அவன் வீடு அங்கே இருக்கிறது என்பதைக் காட்டும். இருந்தவன், பார்த்தவன், எறிந்தவன் என்னும் மூவரையும் கோபுரம் ஒரே வரியில்தான் எழுதும். அம்மூவரையும் பிரித்தறிவது மனிதரின் கடமை. அதனைச் செய்யாவிட்டால், விடுதலை பெற வேண்டியவர் தம் இளமையை நீதிமன்ற வாயிலிலேயே செலவிட்டுவிடுவார்.

‘இவ்வளவு கட்டுப்பாடு வைத்தால் குற்றவாளிகள் தப்பிவிடமாட்டார்களா?’ என்று கேட்கலாம். நியாயமான கேள்வியே. சான்றிதழ் என்ற ஒரு தாள் இல்லாததால் மெய்யான சான்று தள்ளப்படுமானால், பாதிக்கப்பட்டவருக்கு அது இரண்டாம் கொடுமை. அதனால்தான் 2020ஆம் ஆண்டுத் தீர்ப்பு, கிடைக்காத சான்றிதழை நீதிமன்றமே வரவழைக்க வழி வைத்தது. ஆனால் ஐயம் இருக்குமிடத்தில் கடுந்தண்டனையை விலக்குக என்னும் கருத்து இஸ்லாமியச் சட்டக் கலையில் ஒரு விதியாகவே நிலைபெற்றிருக்கிறது. தவறாக விடுவித்ததைப் பிறகொரு நாள் திருத்திக்கொள்ள வழி பிறக்கலாம். தவறாகப் பறித்த ஆண்டுகளைத் திருப்பித் தர எந்த நீதிபதியாலும் இயலாது.

இவையெல்லாம் நீதிபதிகளுக்கும் வழக்கறிஞர்களுக்கும் உரியவை என்று நாம் ஒதுங்கிவிடவும் முடியாது. யாரோ அனுப்பிய ஒரு திரைப்படியைக் கண்டு ஒரு நிச்சயதார்த்தத்தை முறித்திருக்கிறோம். பெயர் தெரியாத குரல் பதிவைக் கேட்டு ஒரு பணியாளை நீக்கியிருக்கிறோம். நம் கையிலும் நாள்தோறும் வழக்குகள் வருகின்றன. நாமும் நாள்தோறும் தீர்ப்பு எழுதுகிறோம். நம்பத்தகாதவன் ஒரு செய்தியைக் கொணர்ந்தால், அறியாமையால் ஒரு சமூகத்தாருக்குத் தீங்கிழைத்துவிட்டுப் பின் வருந்தாதபடி அதனைத் தீர விசாரிக்குமாறு ஹுஜுராத் அத்தியாயம் கட்டளையிடுகிறது. அக்கட்டளை காழிக்கு மட்டும் வந்ததன்று. நம்பிக்கை கொண்டோர் அனைவரையும் நோக்கி வந்தது. எவரிடமிருந்து வந்தது என்று தெரியாத செய்தியை மேலும் பத்துப் பேருக்கு அனுப்புபவர், ஸனத் இல்லாத ஓர் அறிவிப்பின் புதிய கண்ணியாகத் தம்மையே ஆக்கிக்கொள்கிறார்.

மறுமை நாளின் காட்சி ஒன்றை ஹாமீம் ஸஜ்தா அத்தியாயம் வரைகிறது. செவிகளும் கண்களும் தோல்களும் மனிதனுக்கு எதிராகச் சாட்சி சொல்லும். எங்களுக்கு எதிராக ஏன் சாட்சி சொன்னீர்கள் என்று மனிதர் தம் தோல்களையே கேட்பர். எல்லாவற்றையும் பேசவைத்த இறைவனே எங்களையும் பேசவைத்தான் என்று அவை மறுமொழி கூறும். தோலையே தொழிலாகக் கொண்ட நம் ஊர்களில் அவ்வசனத்தை ஓதக் கேட்கும்போதெல்லாம் எனக்கு ஓர் எண்ணம் தோன்றுவதுண்டு. அந்நாளில்தான் தோல் பேசும்; அதனைப் பேசவைப்பவனுக்கு மறைவானது ஒன்றுமில்லை. இவ்வுலகில் தோலும் பேசுவதில்லை, கைப்பேசியும் பேசுவதில்லை. அவற்றின் பெயரால் பேசுகிறவர்கள் நாம்தான். கைப்பற்றும் காவலரும், சான்றிதழில் கையெழுத்திடும் அலுவலரும், ஆய்வக நிபுணரும், தீர்ப்பெழுதும் நீதிபதியும், திரைப்படியை அனுப்பும் நாமும் சேர்ந்தே அந்த ஊமைச் சாட்சிக்கு நாவைக் கொடுக்கிறோம். அந்த நாவு சொன்ன ஒவ்வொரு சொல்லுக்கும் நாமே கணக்குக் கொடுக்க வேண்டியிருக்கும்.